கீழாநெல்லிக்கும் தேர்வு வேண்டும்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (தாவரவியல்)

“ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்” என்று நம் பக்கத்தில் கேலியாகச் சொல்வதுண்டு. வைத்தியரைக் கண்டால் ஓட வைக்கும் இந்தப் பழமொழி, தொடக்கத்தில் இப்படி இருக்கவில்லை என்பது பெரியோர் கூற்று. “ஆயிரம் வேரைக் கண்டவன் அரை வைத்தியன்” என்பதே அதன் பழைய உருவமாம். ஆயிரம் மூலிகைகளின் வேரைக் கண்டு தெளிந்தவனே பாதி வைத்தியன் ஆவான் என்பது பொருள். வாய்க்கு வாய் மாறி வந்ததில் வேர் பேரானது, கண்டவன் கொன்றவனானான். வாய் மாறி வந்த சொல்லுக்கே இந்தக் கதியென்றால், கை மாறி வருகின்ற செடிக்கு என்ன கதி நேரும்?

பேராசிரியப் பெருமக்களே, மாணவ நண்பர்களே! பட்டம் பெற நாம் ஆறு பருவத் தேர்வுகள் எழுதுகிறோம். பேருந்து ஓட்டுநருக்குத் தேர்வு உண்டு. பால்காரரின் பாலுக்குக் கூடப் பால்மானி உண்டு. ஆனால் நோயாளியின் வயிற்றுக்குள் போகின்ற மூலிகைக் கட்டுக்கு எந்தத் தேர்வும் இல்லை. “இது இயற்கை, ஆகவே நல்லது” என்ற ஒரே சான்றிதழோடு அது சந்தைக்கு வந்து விடுகிறது. அந்தச் சான்றிதழ் போதாது என்பதும், போதுமான சோதனையின் முதற்படியை நம் கல்லூரியே நடத்த முடியும் என்பதும் என் கருத்து. இதைச் சொல்ல எனக்கு ஒரு சிறு உரிமையும், ஒரு பெரிய சங்கடமும் உண்டு. இரண்டையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

களையும் காசும்

அரூர்ப் பக்கத்தில் ஒரு சிற்றூர் எங்களுடையது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா பெங்களூரில் கட்டட வேலை செய்கிறார். அம்மா மஞ்சள் காட்டிலும் குச்சிக்கிழங்குக் காட்டிலும் களை எடுக்கிறார். புரட்டாசி, ஐப்பசி மழைக்குப் பின்னர் வரப்போரமெல்லாம் கீழாநெல்லி செழித்து நிற்கும். கூலி வேலை முடிந்ததும் அம்மாவும் எங்கள் தெருப் பெண்களும் அதை வேரோடு பிடுங்கி, மண்ணை உதறிக் காயவைத்து, கட்டுக் கட்டாக வியாபாரியிடம் எடைக்குப் போடுவார்கள். நிலத்துக்காரருக்கு அது களை; எங்களுக்கு அது காசு. என் முதலாண்டு ரெக்கார்டு நோட்டும், ஆய்வகத்துக்கான வெள்ளைக் கோட்டும் கீழாநெல்லி வாங்கித் தந்தவையே.

கீழாநெல்லியை அறியாதவர் நம் மாவட்டத்தில் இருக்க மாட்டார்கள். மஞ்சள் காமாலை என்றதும் முதலில் நினைவுக்கு வரும் செடி அது. என் தம்பிக்கு ஏழு வயதில் கண்ணும் சிறுநீரும் மஞ்சளாகிப் போனபோது, எங்கள் ஆயா கீழாநெல்லியை வேரோடு அரைத்து மோரில் கலந்து காலை வேளையில் கொடுத்தார். உப்பையும் எண்ணெயையும் நிறுத்தினார். மூன்று வாரத்தில் தம்பி தெருவில் பம்பரம் விட்டுக்கொண்டிருந்தான். அன்று முதல் எங்கள் வீட்டில் அச்செடியை மிதிப்பதில்லை.

ஆக, மூலிகையை இழித்துப் பேச வந்தவன் அல்லன் நான். மூலிகை வாங்கித் தந்த வெள்ளைக் கோட்டை அணிந்து நிற்பவன்.

ஒரு பிடிக் கட்டில் கண்டது

சென்ற ஆண்டு, பூக்கும் தாவரங்களை இனங்காணும் பாடம் நடந்தபோது, வீட்டில் காய்ந்து கிடந்த கட்டிலிருந்து ஒரு பிடியை ஆய்வகத்துக்கு எடுத்துச் சென்றேன். நீரில் ஊறவைத்து விரித்து, விரிவுரையாளர் ஒருவரின் உதவியோடு உருப்பெருக்கியின் கீழ் ஒவ்வொரு செடியாகப் பார்த்தேன்.

கீழாநெல்லி என்ற பெயரே ஒரு சோதனை. இலைக் காம்பின் கீழே நெல்லிக்காய் போன்ற சிறு காய் வரிசையாகத் தொங்கினால் அது கீழாநெல்லி என்று நம் முன்னோர் பெயரிலேயே அடையாளத்தைப் பொதிந்து வைத்தனர். மேலாநெல்லி என்று இன்னொரு செடி உண்டு. ஆனால் பெயர்ச் சோதனை ஓரளவுக்குத்தான் உதவும். ஏனெனில் காய் கீழே தொங்கும் செடிகள் ஒன்றுக்கு மேற்பட்டவை. தண்டு சிவந்த சிவப்புக் கீழாநெல்லியிலும் காய் கீழேதான் இருக்கிறது. தாவரவியலார் பில்லாந்தஸ் அமாரஸ் என்று அழைக்கும் கீழாநெல்லியின் பூவில் இதழ்கள் ஐந்து. பில்லாந்தஸ் யூரினேரியா எனப்படும் சிவப்புக் கீழாநெல்லியில் ஆறு. கீழாநெல்லியின் காய் வழவழப்பானது, சிறு காம்புடையது. மற்றதன் காய் சொரசொரப்பானது, தண்டோடு ஒட்டியது. கீழாநெல்லியின் விதையில் கோடுகள் நீளவாக்கில் ஓடும். மற்றதில் குறுக்கே ஓடும். கடுகினும் சிறிய விதையில் இயற்கை இட்டிருக்கும் முத்திரை அது!

அந்த ஒரு பிடியில் பெரும்பகுதி கீழாநெல்லி. மீதியில் சிவப்புத் தண்டும் இருந்தது, மேலாநெல்லியும் இருந்தது, அருகம்புல்லும் இருந்தது, அவரைக்கொட்டை அளவில் மண் கட்டிகளும் இருந்தன.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் கேட்டேன்: “ஏம்மா, எல்லாத்தையும் ஒண்ணாவே வெச்சுக் கட்டுறே?”

அம்மா சிரித்தார். “எனக்குத் தெரியாதா சாமி? செவப்பு வேற, இது வேற. தராசுக்குக் கண்ணா இருக்குது? எடையைத்தானே கேக்குறாங்க.”

உருப்பெருக்கியும் பாடநூலும் கொண்டு நான் ஒரு பிற்பகல் முழுவதும் பிரித்ததை, அம்மா தொலைவில் நின்றே பிரித்துச் சொல்வார். அந்தக் கட்டில் கலப்பு நேர்ந்தது அறியாமையால் அன்று. அறிந்ததற்கு விலை இல்லாமையால். எடைக்குக் காசு கொடுக்கும் சந்தையில் மண் கட்டியும் மருந்தாகி விடுகிறது.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் அன்று. நம் நாட்டுத் தாவர நூல்கள் நெடுங்காலம் பில்லாந்தஸ் நிரூரி என்ற ஒரே பெயரால் குறித்து வந்தது உண்மையில் மூன்று வெவ்வேறு செடிகளை என்பதை மித்ரா, ஜெயின் என்ற இரு தாவரவியலார் 1985-இல் எடுத்துக் காட்டினர். நூலிலேயே கலப்பு! பிறகு 2010-இல் வெளியான ஓர் ஆய்வில், தென்னிந்தியாவின் 25 மூலிகைக் கடைகளில் வாங்கிய கீழாநெல்லிச் சரக்கைப் பிரித்துப் பார்த்தனர். 100-க்கு 76 கடைகளில் சரக்கு ஏறத்தாழத் தூய கீழாநெல்லியாக இருந்தது. எஞ்சிய 24 விழுக்காட்டுக் கடைகளில் வேறு ஐந்து வகைச் செடிகள் இருந்தன. நாலில் மூன்று கடை நல்ல சரக்கு விற்றது என்பது நம் மக்களின் கண்ணுக்குப் பெருமை. நாலாவது கடையில் வாங்கிய நோயாளிக்கு அந்தப் பெருமை என்ன செய்யும்?

சென்னையில் எழுந்த நம்பிக்கை

செடி மாறினால்தான் என்ன, எல்லாம் ஒரே குடும்பந்தானே என்று கேட்கலாம். இதற்கு விடை தேடினால் நம் தமிழ்நாட்டிலேயே நடந்த ஒரு புகழ் பெற்ற ஆராய்ச்சி எதிரே வந்து நிற்கும்.

மஞ்சள் காமாலைக்கு வேர்கள் பல. அவற்றுள் ஒன்று ஹெப்படைட்டிஸ் பி என்னும் வைரஸ். அதன் அடையாளப் பொருளை இரத்தத்தில் கண்டறிந்தவர் அமெரிக்க விஞ்ஞானி பாரூக் புளும்பெர்க்; 1976-இல் நோபல் பரிசு பெற்றவர். சென்னைப் பல்கலைக் கழகத்தின் எஸ். பி. தியாகராசனும் அவருடன் உழைத்தவர்களும் புளும்பெர்க்கோடு சேர்ந்து கீழாநெல்லியை ஆராய்ந்தனர். இவ்வைரஸை உடலில் சுமந்தவர்களுள் 37 பேருக்குக் கீழாநெல்லி மருந்தும், 23 பேருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரையும் 30 நாட்கள் கொடுத்தனர். பின்னர் இரத்தத்தைச் சோதித்தபோது, கீழாநெல்லி உண்ட 37 பேரில் 22 பேரிடம் வைரஸின் அடையாளப் பொருள் மறைந்திருந்தது. வெற்று மாத்திரை உண்ட 23 பேரில் ஒருவரிடம் மட்டுமே மறைந்திருந்தது. 1988-இல் இலண்டனின் ‘லான்செட்’ இதழ் இதை வெளியிட்டபோது நம் வரப்புச் செடி உலகச் செடியாயிற்று.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1990-இல் தாய்லாந்தில் செய்த சோதனையில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. வேறு நாடுகளில் கிடைத்த முடிவுகளும் ஒன்றோடொன்று ஒத்துப் போகவில்லை. 2011-இல் இச்சோதனைகளையெல்லாம் தொகுத்து எடை போட்ட காக்ரேன் மதிப்பீடு, வெற்று மாத்திரையைக் காட்டிலும் இது பயன் தருகிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்றே முடித்தது.

எது உண்மை? சென்னையா, தாய்லாந்தா? தீர்ப்புக் கூற நான் யார்? ஆனால் ஒரு மாணவன் என்ற முறையில் ஒன்று தெரிகிறது. நோயாளிகள் வேறாக இருக்கலாம், அளவு வேறாக இருக்கலாம், நோய் முற்றிய நிலை வேறாக இருக்கலாம். இவற்றோடு செடியும் வேறாக இருக்கலாம்; அது வளர்ந்த மண்ணும், பறித்த பருவமும், உலர்த்திய விதமும் வேறாக இருக்கலாம். எந்தச் செடி, எவ்வளவு சத்து என்று முதலில் எழுதி வைக்காவிட்டால் மற்றக் கேள்விகளைக் கேட்கவே வழியில்லை. உப்பின் பெயரும் எடையும் தெரியாமல் வேதியியல் ஆய்வகத்தில் கரைசல் தயாரித்தால் நம்மை வெளியே அனுப்பி விடுவார்கள் அல்லவா?

இதே கண்ணோடு என் தம்பியின் கதையையும் பார்க்க வேண்டியிருக்கிறது. சிறுவர்க்கு வரும் காமாலை பெரும்பாலும் ஹெப்படைட்டிஸ் ஏ என்னும் வேறொரு வைரஸால் வருவது; ஓய்வும் நல்ல உணவும் இருந்தால் சில வாரங்களில் தானே தணிவது. அப்படியானால் தம்பியைத் தேற்றியது கீழாநெல்லியா, காலமா? ஆயாவின் மோர்க் கிண்ணத்தை நினைத்துக்கொண்டு இதை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் கேட்கத்தான் வேண்டும். ஏனெனில் பித்தநீர்க் குழாயைக் கல் அடைத்தாலும் கண் மஞ்சளாகும். அதற்குக் கீழாநெல்லி குடித்துக் காத்திருந்தால் உயிருக்கே ஆபத்து. செடியைச் சோதிக்கு முன்னர் நோயாளியின் இரத்தத்தைச் சோதிப்பது அதனினும் முதற்கடமை.

பெயர் ஒற்றுமையால் விளைந்த கேடு

கீழாநெல்லியின் உறவுச் செடிகள் கலந்தால் பெரும்பாலும் பலன் குறையும் அல்லது தெரியாமற் போகும். அவ்வளவே என்று ஆறுதல் கொள்ளலாம். எல்லாச் செடிக்கும் இந்த ஆறுதல் பொருந்தாது.

பெல்ஜியம் நாட்டுத் தலைநகரான பிரஸ்ஸல்ஸில், 1990-களின் தொடக்கத்தில், உடல் மெலிவதற்காக ஒரு மருத்துவ நிலையத்தில் சீன மூலிகை கலந்த மாத்திரை கொடுத்தனர். அதில் இருக்க வேண்டியது ‘ஃபாங் ஜி’ எனப்படும் ஸ்டெபானியா. வந்து சேர்ந்ததோ ‘குவாங் ஃபாங் ஜி’ எனப்படும் அரிஸ்டலோக்கியா. பெயர் கிட்டத்தட்ட ஒன்று. காய்ந்த வேரின் தோற்றமும் கிட்டத்தட்ட ஒன்று. விளைவு என்ன? நூறு பெண்களுக்கு மேல் சிறுநீரகம் பழுதுற்றது. பலருக்குப் பின்னாளில் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. 1993-இல் மருத்துவர்கள் காரணத்தைத் தேடியபோதுதான் செடி மாறியது தெரிந்தது.

பெல்ஜியம் எங்கே, நாம் எங்கே என்று எண்ண வேண்டாம். நம் வறண்ட நிலங்களில் வளரும் ஆடுதீண்டாப்பாளையும் அதே அரிஸ்டலோக்கியா இனத்தைச் சேர்ந்ததுதான். ஆடு தொடாது என்று பெயரிலேயே எச்சரிக்கை எழுதியிருக்கிறது. இருந்தும் நாட்டு வைத்தியத்தில் அதற்கு இடம் உண்டு. அவ்வினத்திலுள்ள அரிஸ்டலோக்கிக் அமிலம் மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது உறுதி என்று உலக நல நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியுள்ளது. பாட்டன் காலத்தில் இது தெரியவில்லையே என்றால், இருபது ஆண்டு கழித்து வரும் புற்றுநோயையும் என்றோ தின்ற வேரையும் எந்தப் பாட்டனால் முடிச்சுப் போட்டுப் பார்த்திருக்க முடியும்? உடனே வாந்தி எடுக்க வைக்கும் நஞ்சை அனுபவம் கண்டுபிடித்து விடும். மெல்லக் கொல்லும் நஞ்சைக் கண்டுபிடிக்கச் சோதனைச் சாலைதான் வேண்டும்.

முன்னோர் சோதிக்கவில்லையா?

“ஆயிரமாண்டு அனுபவத்தை ஒரு சோதனைக் குழாயில் அடைக்கப் பார்க்கிறாயா?” என்று என் அறைத் தோழன் கேட்டான். நல்ல கேள்வி. ஆனால் நம் முன்னோர் சோதிக்காமல் கொடுத்தார்கள் என்று யார் சொன்னது? இன்ன மூலிகையை இன்ன பருவத்தில் பறிக்க வேண்டும், இன்ன சரக்கை இன்ன விதமாகச் சுத்தி செய்த பிறகே சேர்க்க வேண்டும் என்று சித்த மருத்துவத்தில் விதிகள் உண்டு. சுத்தி என்பதே பாதுகாப்புக்கான ஏற்பாடு அல்லவா?

மாறிப்போனது மருந்தின் பாதை. அன்று வைத்தியரே காட்டுக்குப் போய், தானே பறித்து, தானே அரைத்துத் தன் கையால் கொடுத்தார். வேரைக் கண்ட கண்ணும் நோயாளியைக் கண்ட கண்ணும் ஒன்றாக இருந்தன. இன்று பறிப்பவர் ஒருவர், வாங்குபவர் ஒருவர், மூட்டை கட்டி நகரத்துக்கு அனுப்புபவர் ஒருவர், தூளாக்குபவர் ஒருவர், குப்பியில் அடைத்து விற்பவர் ஒருவர். தூளான பிறகு இதழ் ஐந்தா ஆறா என்று யார் எண்ணுவது?

நிலமும் மாறிவிட்டது. நம் ஊர்ப் பேச்சில் பூச்சிக்கொல்லிக்கும் களைக்கொல்லிக்கும் ‘மருந்து’ என்றே பெயர். கீழாநெல்லி வளர்வதோ பயிர்க் காட்டில், களையோடு களையாக. ஆகவே மருந்து அடித்த காட்டில் மருந்து பறிக்கிறோம்! பறித்ததைத் தார்ச்சாலையில் காயவைக்கிறோம். ஈரம் போகாமல் மூட்டை கட்டினால் பூஞ்சணம் பிடிக்கிறது. சில பூஞ்சணங்கள் உண்டாக்கும் அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சு தாக்குவது கல்லீரலை. கல்லீரலைக் காக்கக் குடிக்கும் கசாயத்திலேயே கல்லீரலைக் கெடுக்கும் நஞ்சு இருக்குமானால், அதை எந்த ஓலைச் சுவடியும் நமக்கு முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது.

“இயற்கை பொய் சொல்லாது” என்பவர்களுக்குத் தருமபுரி மாவட்டத்துக்காரன் ஒருவன் காட்டக்கூடிய சான்று அவன் வாயிலேயே இருக்கிறது. என் முன்பற்களில் பழுப்புக் கோடுகள் உண்டு. என் வகுப்பில் எனக்கு மட்டும் அன்று. காரணம் நிலத்தடி நீரிலுள்ள ஃப்ளோரைடு. ஒரு லிட்டர் குடிநீரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கலாகாது என்பது வரம்பு. எங்கள் ஊர் ஆழ்குழாய்க் கிணற்றின் நீர் கண்ணாடி போல் தெளிந்தே இருந்தது. பாறையிலிருந்து ஊறி வந்த, மனிதன் கை படாத இயற்கை நீர். தலைமுறை தலைமுறையாகக் குடித்த நீர். பல் கறுத்தது, முதியோர்க்கு மூட்டும் முதுகும் இறுகின. சோதனைச் சாலையில் அளந்து பார்த்த பிறகே குற்றம் நீரின் மேல் என்று தெரிந்தது. 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கியபோது எனக்கு எட்டு வயது; அதற்குள் என் பல் முளைத்து விட்டது. எனக்குப் பின் பிறந்த தம்பியின் பல் வெள்ளை. அளந்து பார்ப்பதால் ஒரு தலைமுறைக்கு என்ன கிடைக்கும் என்பதை நாங்கள் இருவரும் அருகருகே நின்று சிரித்தால் காணலாம்.

யார் தலையில் விழும்?

இனி என் சங்கடத்துக்கு வருகிறேன். சோதனை வேண்டும் என்று மேடையில் முழங்குவது எளிது. நாளையே வியாபாரி, “கலப்பு இருக்கிறது, கட்டு வேண்டாம்” என்று திருப்பி அனுப்பினால் முதலில் அணைவது எங்கள் வீட்டு அடுப்புதான்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1940-ஆம் ஆண்டின் மருந்துச் சட்டத்துக்குள் 1964-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்துகளும் வந்தன. அமெரிக்காவின் பாஸ்டன் நகரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளில் 14-இல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்ததாக 2004-இல் ஒரு மருத்துவ இதழில் ஆய்வு வெளிவந்தது. அதன்பின், ஏற்றுமதியாகும் மூலிகை மருந்துகளில் கன உலோகச் சோதனையை 2006 சனவரி முதல் நம் அரசு கட்டாயமாக்கியது. நல்லதே. ஆனால் சட்டத்தின் கண் ஆலை வாசலிலும் துறைமுகத்திலும் இருக்கிறது. கட்டு கட்டப்படுவதோ வரப்பில். கடைசிக் கையில் நடக்கும் சோதனை தவறு செய்தவரைத் தண்டிக்கலாம். முதற் கையில் நடக்கும் சோதனைதான் தவறே நேராமல் தடுக்கும்.

ஆகவே நான் கேட்பது, பறிப்பவரைப் பிடிக்கும் சோதனை அன்று. பறிப்பவரின் கண்ணுக்கு விலை பெற்றுத் தரும் சோதனை. தூய கட்டுக்கு ஒரு விலை, கலந்த கட்டுக்கு ஒரு விலை என்று வந்தால் எங்கள் தெருப் பெண்கள் ஒரே வாரத்தில் பிரித்துக் கட்டி விடுவார்கள். அவர்களுக்கு யாரும் இனங்காணக் கற்றுத் தர வேண்டியதில்லை. இது தூய சரக்கு என்று சொல்ல, வியாபாரி மறுக்க முடியாத ஒரு சீட்டுத்தான் வேண்டும்.

நம் கல்லூரியால் முடியுமா?

அந்தச் சீட்டை யார் கொடுப்பது? சென்னை அரும்பாக்கத்தில் மத்திய சித்த மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் உண்டு. நமக்கு அருகே மேட்டூர் அணையில் சித்த மருத்துவ மூலிகைத் தோட்டம் உண்டு. ஆனால் ஒரு தலைச்சுமைக் கட்டோடு எங்கள் அம்மா சென்னைக்குப் போக முடியாது. கல்லூரி வாசலுக்கு வர முடியும்.

நம் கல்லூரியில் என்ன இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். தாவரவியல் துறையில் உருப்பெருக்கிகளும், உலர்தாவரத் தாள்களும், இனங்காணத் தெரிந்த பேராசிரியர்களும் இருக்கிறார்கள். வேதியியல் துறையில் தராசும், அடுப்பும், மூசையும், வடிதாளும் இருக்கின்றன. இவற்றைக் கொண்டே மூலிகைத் தர நூல்கள் கேட்கும் முதற் சோதனைகளைச் செய்து விடலாம்.

முதலாவது, இனங்காணல்: இதழ், காய், விதை. இரண்டாவது, அயற்பொருள்: ஒரு குறித்த எடைச் செடியில் புல்லும் மண்ணும் பிறவும் எவ்வளவு என்று பிரித்து நிறுத்தல். மூன்றாவது, ஈரம்: உலர்த்துமுன்னும் பின்னும் எடை பார்த்தல், ஈரம் மிகுந்தால் பூஞ்சணத்துக்கு அழைப்பு. நான்காவது, சாம்பல்: இரண்டு மூன்று கிராம் தூளை 450 பாகைக்கு மேற்படாத வெப்பத்தில் எரித்து, மிஞ்சிய சாம்பலை நிறுத்தல். அச்சாம்பலை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கொதிக்க வைத்து வடிகட்டினால் செடியின் சொந்த உப்புகள் பெரும்பாலும் கரைந்து போகும், மணல் கரையாது. தராசுக்குக் கண் இல்லை என்றார் அம்மா. அமிலத்துக்குக் கண் உண்டு. ஐந்தாவது, சாராயத்திலும் நீரிலும் கரையும் சத்தின் அளவு. ஆறாவது, சிலிக்கா பூசிய தட்டில் சாற்றைப் புள்ளியிட்டு ஏறவிட்டு, கீழாநெல்லியின் அடையாளப் பொருளான பில்லாந்தின் உரிய இடத்தில் தோன்றுகிறதா என்று பார்த்தல். இவை அனைத்தும் நம் பாடத்திட்டத்தில் வேறு வேறு பெயர்களில் ஏற்கனவே உள்ள செய்முறைகளே.

எது நம்மால் ஆகாது என்பதையும் சொல்ல வேண்டும். ஈயம் 10, ஆர்சனிக் 3, பாதரசம் 1, காட்மியம் 0.3 என்று பத்து இலட்சத்தில் பங்காகக் கணக்கிடும் கன உலோகச் சோதனைக்கும், பூச்சிக்கொல்லி எச்சத்துக்கும், அஃப்ளடாக்சினுக்கும் விலை மிகுந்த கருவிகள் வேண்டும். அவற்றைப் பல்கலைக் கழகத்துக்கோ அரசு ஆய்வு நிலையத்துக்கோ அனுப்பித்தான் பெற வேண்டும். நம் சீட்டு, “இது கீழாநெல்லி, இவ்வளவு தூய்மை, இவ்வளவு ஈரம்” என்று மட்டும் சொல்லட்டும். “இது நோயைத் தீர்க்கும்” என்று ஒரு நாளும் சொல்ல வேண்டாம். அதைச் சொல்ல வேண்டியது, வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்க்கும் மருத்துவ ஆராய்ச்சி.

வாரம் ஒரு நாள், பிற்பகல் இரண்டு மணி நேரம், தாவரவியல் மாணவர் இருவர், வேதியியல் மாணவர் இருவர், மேற்பார்க்க ஒரு பேராசிரியர். மழைக்காலத்து மூன்று மாதம் மட்டும் நடந்தாலும் போதும். இதற்குப் பெருஞ்செலவு இல்லை. செய்முறைத் தேர்வுக்காகப் புட்டியில் வரும் பொருளைச் சோதித்து விடை எழுதுகிறோம். விடை சரியா என்பது நமக்கும் தேர்வாளருக்கும் மட்டுமே கவலை. ஒரு பெண் தலையில் சுமந்து வந்த கட்டைச் சோதித்தால், அந்த விடைக்காக ஒரு வீடே காத்திருக்கும். அப்போது தராசின் முள்ளை நாம் இன்னும் கவனமாகப் பார்ப்போம் என்று நம்புகிறேன்.

முதற் கட்டைச் சோதிக்கும் நாள் வந்தால், அது எங்கள் வீட்டுக் கட்டாக இருக்கட்டும். தேறாவிட்டால் தேறவில்லை என்றே எழுதுங்கள். அம்மாவிடம் சொல்லி விட்டேன். “எழுதட்டும் சாமி, பிரிச்சுக் கட்டிட்டு அடுத்த வாரம் வரேன்” என்றார். நாம்கூடத் தோற்ற பாடத்தை அடுத்த பருவத்தில் எழுதித் தேறுவதில்லையா?

வேரைக் கண்டவர்கள் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் கண்டது உண்மைதான் என்று கையொப்பமிட ஒரு கல்லூரி முன்வர வேண்டும். அது நம் கல்லூரியாக இருக்கலாகாதா?